நிரம்பியபடியே வீடு திரும்பும் தண்ணீர் பாட்டில்

மாலை மணி அடித்ததும் எங்கள் பள்ளிக் குழந்தைகள் வீட்டுக்கு ஓடுவதற்கு முன் ஒரு வேலை செய்வார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, வாசலில் நிற்கும் வேப்பமரத்தின் அடியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். "மரத்துக்குத் தண்ணி ஊத்தறோங்க டீச்சர்" என்பார்கள். நல்ல பழக்கம் என்று நானும் பல ஆண்டுகள் பாராட்டியிருக்கிறேன். மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. அது வளர்ந்தது குழந்தைகள் குடித்திருக்க வேண்டிய தண்ணீரில் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

நான் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. பள்ளியைச் சுற்றிலும் பனியன் கம்பெனிகள். பெற்றோர்களில் பெரும்பாலோர் டெய்லர், செக்கிங், கைமடி, பேக்கிங் என்று ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்கள். தேனி, மதுரை, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி அடிக்கடி விடுப்பு எடுத்தாள். காய்ச்சல், வயிற்றுவலி என்று கடிதம் வரும். மூன்றாவது முறை அவள் அம்மாவே நேரில் வந்தார். செக்கிங் வேலையில் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"டீச்சர், புள்ளைக்கு ஒன்னுக்குப் போற எடத்துல கிருமி சேந்திருச்சுன்னு ஜி.எச்.ல சொன்னாங்க. நாள் பூரா அடக்கி வெக்கிறாளாம். தண்ணி குடிச்சா ஒன்னுக்கு வரும்னு தண்ணியே குடிக்கறதில்லீங்க. பள்ளிக்கூடத்து பாத்ரூமுக்குப் போக மாட்டீங்கறா. ஏனுங்க டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் பள்ளியில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. 'உள்ளது', 'பயன்பாட்டில் உள்ளது' என்று படிவத்தில் நானே குறித்திருக்கிறேன். ஆனால் அதே சிறுமி ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவில் கை தூக்கியதும், "இப்பத்தானே இன்டர்வெல் விட்டுது? அப்பவே போறதுக்கு என்ன?" என்று நான் உட்காரவைத்ததும் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான் முதன்முதலில் பணியில் சேர்ந்த பள்ளியில் ஆசிரியைகளுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி. மாலை வீடு திரும்பும் வரை சொட்டுத் தண்ணீர் தொடமாட்டேன். இதைப் படிக்கும் சகோதரிகளில் பலருக்கு இது சொந்த அனுபவமாகவே இருக்கும். நான் பட்ட அதே அவஸ்தையை என் கண்முன்னே ஒன்பது வயதுக் குழந்தை பட்டிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டிலிருந்து நாங்கள் கற்றதையும் செய்ததையும் இங்கே பகிர்கிறேன். கட்டடம் கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கட்டிய கழிப்பறைக்குக் குழந்தை ஏன் போவதில்லை என்பதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

குழந்தைகள் வரைந்த கழிப்பறை

"ஏன் பாத்ரூம் போறதில்லை?" என்று நேராகக் கேட்டால் குழந்தைகள் சிரிப்பார்கள், அல்லது தலை குனிவார்கள். எனவே, "நம் பள்ளிக் கழிப்பறையை வரைந்து, அதில் உங்களுக்குப் பிடிக்காததை வட்டமிடுங்கள்; பெயர் எழுத வேண்டாம்" என்றேன்.

தாள்களைப் பார்த்தபோது எங்கள் படிவங்களில் இல்லாத செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு கதவில் தாழ்ப்பாளே இல்லை. வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ளும் தோழியையும் சேர்த்து ஒருத்தி வரைந்திருந்தாள். உள்ளே இருட்டு. பாசி பிடித்து வழுக்கும் தரை. குழாய் இருந்தது, வாளி இருந்தது, மக்கு இல்லை. சிலந்தியும் பல்லியும் பலர் தாளில் இருந்தன. சிலர் கழிப்பறையை விட்டுவிட்டு, அதற்குப் போகும் வழியில் நின்று கேலி செய்யும் பெரிய பையன்களை வட்டமிட்டிருந்தார்கள். ஒரு தாளில் கரும்பலகைக்கு முன் ஓர் ஆசிரியை நின்றிருந்தார். புடவையும் கண்ணாடியும் யாருடையவை என்று எனக்குத் தெரிந்தது.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய ஆயிரம் ரூபாய்கூடத் தேவைப்படவில்லை. தாழ்ப்பாளைக் குழந்தையின் தோள் உயரத்துக்கு இறக்கினோம். சங்கிலி கட்டிய மக்குகள் வாங்கினோம். கூரையில் ஓர் ஓட்டை மாற்றிக் கண்ணாடி ஓடு வைத்ததும் பகல் வெளிச்சம் வந்தது. இடைவேளையில் வழியில் ஓர் ஆசிரியர் நிற்கத் தொடங்கியதும் கேலி நின்றது. செலவே இல்லாமல் சரிசெய்ய வேண்டியது என் வாயை மட்டும்தான்.

சிறுநீர்ப்பைக்கு ஒரு கணக்கு

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்குக் குழந்தை மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்க வேண்டும். வரும் விடை உத்தேசமாக அத்தனை மில்லி லிட்டர். ஆறு வயதுக் குழந்தைக்கு 210 மி.லி.; ஒன்பது வயதுக் குழந்தைக்கு 300 மி.லி. அதாவது ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஒரு டம்ளர் அளவுதான். போதுமான தண்ணீர் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் வருவது இயல்பு. 'இப்பத்தானே போனே' என்று நாம் சொல்வது பெரியவர்களின் உடலை அளவாக வைத்து.

அடக்கி வைத்தால் என்ன ஆகும்? சிறுநீர் கழிக்கும்போது வழியில் சேரும் கிருமிகளும் அடித்துக்கொண்டு வெளியேறும். நீண்ட நேரம் தேங்கினால் அவை உள்ளே பெருகும். தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தரும். எரிகிறதே என்று குழந்தை இன்னும் அடக்கும். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு என்பதால் தொற்று எளிதில் ஏறும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டியதன் காரணமும் இதுதான்.

மலத்தை அடக்கினாலும் இதே சங்கடம்தான். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். சிறுநீர் முழுதாக வெளியேறாது. பள்ளி வயதில் அடிக்கடி வரும் வயிற்றுவலிக்கு மலச்சிக்கல் ஒரு முக்கியக் காரணம்.

வகுப்பறையில் நாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: காலைப் பின்னிக்கொண்டு உட்காருவது, அடிவயிற்றைப் பிடிப்பது, உடையில் சொட்டுச் சொட்டாக ஈரம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சளி இருமல் இல்லாமல் வரும் காய்ச்சல், நின்றுபோயிருந்த படுக்கையில் நனைக்கும் பழக்கம் மீண்டும் வருவது. இவற்றைப் பார்த்தால் கேலிக்கு இடம் தராமல் பெற்றோரிடம் தனியே சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் பாடமும் கெடும். உடல் எடையில் ஒன்று, இரண்டு சதவீத நீர் குறைந்தாலே கவனமும் நினைவும் தளர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை. மதியத்துக்குப் பிறகு தலைவலி என்று மேசையில் கவிழும் குழந்தையிடம் நான் இப்போது முதலில் கேட்பது, "பாட்டிலைக் காட்டு சாமி" என்பதுதான்.

பள்ளிகளில் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கும் வழக்கத்தைக் கேரளம் 2019-இல் பரவலாக்கியது. 2025-இல் நம் மாநிலத்திலும் 'வாட்டர் பெல்' வந்துவிட்டது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழி இருந்தால்தான் குழந்தை குடிக்கும். கழிப்பறை பயமாக இருக்கும் பள்ளியில் அந்த மணிக்குக் குழந்தை பாட்டிலை வாயில் வைத்து எடுப்பாள், குடிக்க மாட்டாள்.

லைன் வீட்டுக் காலையும் பள்ளியின் காலை உணவும்

எங்கள் பகுதியில் பெரும்பாலான குழந்தைகள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகப் பத்து வீடுகள். எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறைகள். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டிய பெரியவர்கள் முதலில் போவார்கள். வரிசையில் கடைசி, குழந்தைகள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு வரும் அம்மாவுக்குக் காலையில் குழந்தையை நிதானமாக உட்காரவைக்க நேரம் இருக்காது. எனவே பல குழந்தைகள் 'போகாமலே' பள்ளிக்கு வருகிறார்கள்.

வந்ததும் காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பசியோடு வந்த குழந்தைகள் சூடாகச் சாப்பிடுவதைப் பார்க்கும் நிறைவை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பது உடலின் இயல்பு. சாப்பிட்ட கால் மணி, அரை மணி நேரத்தில் குழந்தைக்கு மலம் கழிக்கும் உணர்வு வரும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையாக நிறுத்துகிறோம். அடுத்து முதல் பாடவேளை. 'முதல் பீரியடிலேயே பாத்ரூமா?' என்கிறோம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நாங்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. காலை உணவுக்கும் வழிபாட்டுக்கும் இடையில் பத்து நிமிடத்தைக் கழிப்பறை நேரமாக வைத்தோம். 'விளையாடுங்கள், வேண்டுமென்றால் போங்கள்' என்று விடாமல், ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை ஓர் ஆசிரியை அழைத்துப் போவார். மூன்று வாரம் அழைத்துப் போனோம். பிறகு அவர்களாகவே போகத் தொடங்கினார்கள்.

அடுத்தது இடைவேளை. இதை என் வகுப்பில் வகுத்தல் கணக்காகவே போட்டோம். எங்கள் பள்ளியில் பெண் குழந்தைகள் 70 பேர். சிறுநீர் கழிக்க இடம் 4. ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றால் பத்து நிமிட இடைவேளையில் ஓர் இடத்தில் 6 பேர். நான்கிலும் சேர்த்து 24 பேர். மீதி 46 பேர்? "அவங்கெல்லாம் அடக்கிக்குவாங்க டீச்சர்" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'தூய்மைப் பள்ளி' இயக்கத்தின் அளவுகோலின்படி 40 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்க் கழிப்பிடங்களும் வேண்டும். 40 மாணவர்களுக்கும் அதேபோல் தனியே வேண்டும். எங்களுக்கு அதில் பாதிதான் இருக்கிறது. கூடுதல் கட்டடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அதுவரை கையில் இருப்பது நேரம் மட்டும்தான் என்பதால் இடைவேளையை மூன்று பிரிவாக்கினோம்: 1–2 வகுப்புகள் முதலில், 3–5 அடுத்து, 6–8 கடைசியாக. சிறியவர்களைப் பெரியவர்கள் தள்ளிவிடுவதும் இதோடு நின்றது.

பாட நேரத்தில் அனுமதி கேட்கும் முறையையும் மாற்றினோம். சுண்டு விரலைக் காட்டினால் போதும், நான் தலையசைப்பேன், பாடம் நிற்காது. தமிழ் தெரியாமல் வந்து சேரும் பீகார், ஒடிசாக் குழந்தைகளுக்கு இது பெரிய உதவி. அவர்களுக்கு நாம் முதல் நாளில் கற்றுத்தர வேண்டியது அகரத்தை அல்ல. கழிப்பறை எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது என்பதைத்தான். 'இப்படி விட்டால் எல்லோரும் ஊர் சுற்றுவார்களே?' என்று நானும் பயந்தேன். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. பிறகு அந்தச் சுதந்திரம் பழகிவிட்டது.

இரண்டு குழாய்களின் ஊர்

திருப்பூர்க் குழந்தைகளுக்குத் தண்ணீர் இரண்டு வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையில்தான் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பும் சாயமும் பல ஆண்டுகள் ஆற்றில் இறங்கின. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாத முறை பரவலாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிலத்துக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு எளிதில் போகாது. குடிநீர் பவானி ஆற்றிலிருந்து குழாய் வழியே வருகிறது. எங்கள் பகுதிக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை.

எனவே பள்ளியிலும் இரண்டு தொட்டிகள், இரண்டு குழாய் வரிசைகள். எங்கள் பள்ளியில் இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் விளையாடிவிட்டு வரும் குழந்தைகள் அருகில் இருப்பதில் வாயை வைத்துவிடுவார்கள். இப்போது குடிநீர்க் குழாய்களுக்கு நீலம், மற்றவற்றுக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறோம். எழுத்துத் தெரியாத குழந்தைக்கும், தமிழ் தெரியாத குழந்தைக்கும் நிறம் புரியும்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோல் ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். கடினத்தன்மை 200-க்குள், வேறு வழியில்லையென்றால் 600 வரை. குளோரின் கலந்த நீரில், குழாயில் பிடிக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: டி.டி.எஸ். குறைவாக இருப்பதால் மட்டும் நீர் பாதுகாப்பானது ஆகாது. உப்பைக் காட்டும் கருவி கிருமியைக் காட்டாது. தெளிவாகவும் சுவையாகவும் இருக்கும் நீரிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்பதைக் குளோரோஸ்கோப்பில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஊராட்சித் தொட்டி இயக்குபவரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ கேட்டால் பள்ளிக்கு வந்து காட்டுவார்கள். எங்கள் ஆறாம் வகுப்பில் இது அறிவியல் செய்முறையாகவே நடந்தது.

தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியின் மீதே பெயிண்டால் எழுதி வைக்கச் சொன்னோம். யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை, தேதியே கேட்கும்.

தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் ஊரில் டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது. அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரம் ஒரு நாள் டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். இந்தச் செய்தி எங்கள் குழந்தைகள் வழியாகத்தான் லைன் வீடுகளுக்குப் போனது.

நுரை வராத சோப்பு

காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே என்றான பிறகு, குழந்தை தன் நாளின் இரண்டு வேளைச் சாப்பாட்டை நம் குழாயடியில் கழுவிய கையால்தான் சாப்பிடுகிறது. சோப்பால் கை கழுவுவது வயிற்றுப்போக்கைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ அறிஞர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு மலிவான மருந்து வேறு எது?

எங்கள் ஊரில் ஒரு சிக்கல். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரையாகப் படியும். நுரை வராததால் குழந்தைகள் சோப்பைத் தொடுவதில்லை. கையை நனைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் கடின நீரிலும் நுரைக்கும். ஒன்றரை லிட்டர் பாட்டில் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி டிடர்ஜென்ட் பவுடரைக் கலந்து, மூடியில் ஆணியால் துளையிட்டுக் குழாயடியில் கட்டிவிட்டோம். சோப்புக் கட்டி காணாமல் போவதும், சாக்கடையில் விழுவதும் நின்றன. செலவும் மிகக் குறைவு. கையில் புண்ணோ அலர்ஜியோ உள்ள குழந்தைகளுக்கு மட்டும் தனியாகக் குளியல் சோப்பு வைத்திருக்கிறோம்.

நேரமும் ஒரு சிக்கல்தான். நான்கு குழாய், சாப்பிட வரும் குழந்தைகள் 120 பேர். ஒருவருக்கு அரை நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம். சோறு ஆறும், சமையலர் அவசரப்படுவார், கடைசியில் நிற்பவர்கள் கழுவாமல் உட்காருவார்கள். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் வரிசையாகத் துளையிட்ட குழாயின் முன் நின்று ஒரு வகுப்பே சேர்ந்து கை கழுவும் முறை உண்டு. அதைப் பார்த்து நாங்களும் பத்தடி பி.வி.சி. குழாயில் அரை அடிக்கு ஒரு துளையிட்டு, பள்ளிச் சுவரோரம் சாய்வாகப் பொருத்தினோம். குழாய் வேலை தெரிந்த ஒரு பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து கொடுத்தார். ஒரே நேரத்தில் இருபது கைகள் கழுவலாம். ஒரு வாய்ப்பாட்டைச் சொல்லி முடிக்கும் வரை தேய்க்க வேண்டும் என்பது விதி. இருபது விநாடி அதிலேயே ஆகிவிடுகிறது. வாய்ப்பாடும் மனப்பாடம் ஆகிறது.

கழுவிய கையைச் சட்டையில் துடைத்தால் கழுவியது வீண். எல்லோருக்கும் ஒரே துண்டு தொங்கவிடுவது அதைவிடக் கெடுதல். நம் ஊரில் பனியன் கட்டிங் துண்டுக்கா பஞ்சம்? ஆளுக்கு ஒரு வெள்ளைத் துண்டு, வாரம் ஒருமுறை வீட்டில் துவைத்து வர வேண்டும். வெள்ளை என்பதால் அழுக்கு தெரியும்.

நகக்கண்ணும் வெறுங்காலும்

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் நாம் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து வருகிறோம். 400 மி.கி. மாத்திரையைக் குழந்தை நம் கண்முன் மென்று தின்ன வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும்; மறுநாள் நகக்கண்ணில் ஒட்டி வரும் முட்டையைத் தடுக்காது. உருண்டைப்புழுவின் முட்டை கை வழியாக வாய்க்குப் போகும். கொக்கிப்புழுவுக்கு வாய்கூட வேண்டாம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். உள்ளே போய் ரத்தத்தைக் குடிக்கும். வியாழக்கிழமை தோறும் நாம் தரும் இரும்புச்சத்து மாத்திரையின் பலனில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். எனவே கழிப்பறை வாசலில் பொதுச் செருப்புகள் நான்கைந்து ஜோடி, திங்கட்கிழமை தோறும் நகம் பார்ப்பது – இரண்டும் மாத்திரைக்குத் துணையாக நடக்க வேண்டும்.

யார் கழுவுவது?

இந்தக் கேள்வியில்தான் பல பள்ளிகள் நின்றுவிடுகின்றன. ஒரு பதிலை முதலிலேயே விலக்கிவிட வேண்டும்: குழந்தைகளைக் கழிப்பறை கழுவச் செய்யக் கூடாது. எந்தக் குழந்தையைச் சொல்கிறோம், ஏன் அந்தக் குழந்தையைச் சொல்கிறோம் என்பதில் நம் சமூகத்தின் மிகப் பழைய அநீதி ஒளிந்திருக்கிறது. வகுப்பறையைப் பெருக்குவதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் முறை வைத்து எல்லாக் குழந்தைகளும் செய்யலாம். கழிப்பறை, அதற்கான பணியாளரின் வேலை. அவருக்குக் கையுறையும், பூட்ஸும், நீளக் கைப்பிடிப் பிரஷும் வாங்கித்தருவது நம் வேலை.

பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று ஒருங்கிணைந்த கல்வித் திட்ட விதி சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பெற்றோர் முன் வைத்தோம். அதோடு குழந்தைகள் வரைந்த படங்களையும் வைத்தோம். படங்களைப் பார்த்த பிறகு பேச்சே மாறியது. பணியாளர் வராத நாளில் யாரிடம் சொல்வது, மோட்டார் பழுதானால் யார் வருவது என்பதற்கெல்லாம் அன்றே பெயர்கள் முடிவாயின. கழிவுநீர்த் தொட்டியின் மூடி உறுதியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் ஏற்றார். ஆசிரியர்கள் நாங்கள் முறை வைத்து தினமும் இரண்டு வேளை உள்ளே போய்ப் பார்க்கிறோம். 'நான் இந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவேனா?' என்பது மட்டுமே சோதனை.

பெரிய பெண்களுக்காக இன்னும் சில சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பிலேயே பூப்பெய்தும் குழந்தைகள் உண்டு. ஒரு கழிப்பறையிலாவது மூடியுள்ள குப்பைத்தொட்டி, பழைய செய்தித்தாள், தொங்கவிட ஓர் ஆணி, உள்ளேயே தண்ணீர் வேண்டும். 'புதுயுகம்' திட்டத்தின் நாப்கின் ஆசிரியையின் பூட்டிய பீரோவில் இருந்தால் பயனில்லை. கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

நாளை மாலை நான்கு மணிக்கு

தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சட்டம் கட்டடத்தைத் தரும். அந்தக் கட்டடத்துக்குள் ஆறு வயதுக் குழந்தை பயமில்லாமல் போய் வருவதற்கான நேரத்தையும் அனுமதியையும் தர வேண்டியவர்கள் நாம்.

எங்கள் பள்ளியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றும் வாரங்களில் பழைய நிலை திரும்புகிறது. புதிய கழிப்பறைக்கு இன்னும் காத்திருக்கிறோம். தாழ்ப்பாள் ஆண்டுக்கு இரண்டு முறை உடைகிறது. இரண்டு முறை மாற்றுகிறோம். ஆனால் வயிற்றுவலி, காய்ச்சல் என்ற விடுப்புக் கடிதங்கள் என் மேசையில் குறைந்திருக்கின்றன. நான் உட்காரவைத்த அந்தச் சிறுமி இப்போது ஏழாம் வகுப்பு. புதிதாகச் சேரும் சின்னக் குழந்தைகளைக் கைபிடித்துக் கழிப்பறை காட்டி வருவது அவள்தான். யாரும் சொல்லிச் செய்வதல்ல.

அன்புள்ள ஆசிரியர்களே, உங்கள் பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் படிவம் எதுவும் வேண்டாம். நாளை மாலை மணி அடிப்பதற்கு முன், "எல்லோரும் தண்ணீர் பாட்டிலை மேசை மேல் வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை பாட்டில்கள் நிரம்பியபடியே இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு குழந்தைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கழிப்பறையை வரையச் சொல்லுங்கள்.